கடதாசிப்பூ கொடிய புடுங்க மாட்டேன் மகன்

மகன், சுகமா இருக்கியா. நேத்து நீ ஃபோன்ல சொன்னத நானும் கேட்டேன் அம்மாவும் கேட்டா, லைன் விட்டு விட்டு வந்ததால அப்பவே பதில் சொல்ல ஏலல, அதான் பாப்பாகிட்ட ஃபோன குடுத்து நான் சொல்ல சொல்ல டைப் பண்ண வச்சிருக்கேன், எழுத்துப் பிழ இருந்தா உன் மருமகள கேளு. வாசல்ல நிக்கிற கடதாசிப்பூ கொடிய வேரோட புடுங்கிட்டு மதில் கட்டுங்க, காசு நான் அனுப்புறேன்னு சொன்னே. காசு அனுப்புறது சந்தோஷம். கொடிய புடுங்க மாட்டேன்.

நீ சொன்னது எல்லாமே பொய்யின்னு நான் சொல்லல. கூரத் தண்ணி ஓடுற பீலி அடைக்குது, உண்மதான். பூ காஞ்சு உதிர்ந்தா சருகு சருகா பீலிக்குள்ள போய் குந்திக்கிது, மழ வந்தா தண்ணி சொவத்துல வழியுது. கச்சான் காத்து அடிக்கையில கெளை தகரத்துல போட்டு அடிக்கிற சத்தத்துல அம்மாவுக்கு தூக்கம் இல்ல. ஆனா இது கொடி மேல உள்ள குத்தமா? கூரை பக்கம் ஏறாம வெட்டி விட்டா முடிஞ்சிச்சு. பாம்பு வரும்னு சொன்னியே, அதுக்கு சொவத்தோரம் அடுக்கி வச்சிருக்கிற வெறகுதான் காரணம், அத நான் இந்த வாரமே எடுத்து பின்னால போடுறேன். முள்ளு குத்தும்னா குத்தத்தான் செய்யும், அதுனாலதான் ராவுல காட்டுப்பன்னி அந்தப் பக்கமா பூந்து நம்ம மரவள்ளிய தோண்டாம இருக்கு, பக்கத்து வீட்டு பாத்திய போய் பாரு.

அது நம்ம மண்ணுக்கு எவ்வளவு தோதான கொடின்னு உனக்கு தெரியல. நுவரெலியா சித்தப்பா நம்ம வீட்டு குச்சிய கொண்டு போய் நட்டாரே, பனியும் தூத்தலும் குளிரும், வெறும் எலதான், எப்பவாவது நாலு பூ. நம்ம பண்டாரவளை பக்கம் அப்பிடி இல்ல, ஜூன் மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் வெயிலும் காஞ்ச காத்தும், அந்த காத்துலதான் நம்ம ஊவா மாகாணத்து தேயிலைக்கே அந்த வாசம் வருது, அதே காத்துலதான் இதுவும் எல தெரியாம பூக்குது. நீ இருக்கிற கட்டார்லயும் ரோட்டு நடுவுல இதத்தானே வச்சிருக்கான், போன மாசம் நீ அனுப்பின படத்துல பாத்தேன். தண்ணி ஊத்தி ஊத்தி வளக்கிற செடி இல்ல இது. பக்கத்து வீட்டு அக்கா அரிசி கழுவின தண்ணி, மாட்டு சாணி, தேயிலைக்கு போடுற யூரியா எல்லாம் போட்டு பாத்துட்டா, கொடி கூரை ஒசரத்துக்கு போயிருச்சு, பூ இல்ல. யூரியா போட்டா எலதான் வரும். நான் அடுப்பு சாம்பல தவிர ஒண்ணும் போடுறதில்ல, மண்ணு நல்லா காஞ்ச பொறகுதான் தண்ணி.

பாப்பா ஒரு விஷயம் சொன்னா, எனக்கு இத்தன வயசுக்கு இப்பதான் தெரியும். நம்ம பூவுன்னு பாக்கிற அந்த ரோஸ் கலரு பூவே இல்லியாம், அது எலதானாம், நடுவுல குட்டியா வெள்ள குழாய் மாதிரி மூணு நிக்கிதே அதான் பூவாம். அந்திமந்தாரை இதுக்கு சொந்தக்கார குடும்பமாம். ஊரு தென்னமெரிக்கா பக்கம். 1766ல பிரான்ஸ்ல இருந்து பூகன்வில்னு ஒரு கப்பல் தொரை உலகத்த சுத்த கிளம்பி 1769ல திரும்பியிருக்கான், அந்த பயணத்துல 1767ல பிரேசில் ரியோவுல இந்த கொடிய பாத்து சேத்திருக்காங்க. கப்பல்ல வந்த செடி டாக்குத்தர் கொமர்சன் கூட ஒரு பொம்பள, ழான் பாரே, ஆம்பள மாதிரி உடுப்பு போட்டு வேலக்காரனா வந்தவ, அவதான் மலை ஏறி எறங்கி செடி தேடி மூட்ட சொமந்தது. உலகத்த சுத்தி வந்த மொத பொம்பள அவதானாம். ஆனா கொடிக்கு பூகன்வில்லான்னு வச்சது கப்பல் தொரை பேரு. கூட சொமந்தவ பேர இதுக்கு வைக்கல, நம்ம தோட்டத்து கதை மாதிரியே இருக்குன்னு அம்மா சிரிச்சா. (தாத்தா சிரிக்கல கோவப்பட்டாரு மாமா.) இத நான் சொல்லல, புள்ள தானா போட்டுட்டா.

இப்ப வேலைய பத்தி சொல்றேன். நான் ஆயுசு பூரா கவ்வாத்து வெட்டுனவன். நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா தேயிலைய நல்லா எறக்கி வெட்டி மொட்டையா விட்டாலும் எப்பிடி துளுக்கும்னு உனக்கே தெரியும், சின்னதுல சாப்பாடு கொண்டு வந்து பாத்திருக்கே. ஆனா எந்த ஒசரத்துல வெட்டணும், எந்த மலைய வெட்டணும் எல்லாம் தொரை சொல்லி கணக்குப்பிள்ளை சொல்லி நான் வெட்டுனது. இந்த ஏழு பேர்ச் காணியில நிக்கிற கொடிதான் நானா யோசிச்சு நானா வெட்டுற மொத செடி. அத புடுங்க சொன்னா எப்பிடி மகன்.

செப்டம்பர்ல பூ முடிஞ்சு ஒக்டோபர் மழை தொடங்க முந்தி நல்லா எறக்கி வெட்டப் போறேன். கத்திய சாய்ச்சு ஒரே வெட்டு, வெட்டு வாயில தண்ணி தங்க கூடாது. காஞ்சது, உள்ளுக்குள்ள பின்னிக் கெடக்கிறது எல்லாத்தையும் எடுத்துருவேன். புது கெளை நுனியிலதான் பூ வரும், அதனால துளிர் ஒரு சாண் வளந்ததும் நுனிய கிள்ளி விட்டா ரெண்டா மூணா பிரியும், பெப்ரவரி மார்ச்ல வெயிலு வரையில மறுபடி பூக்கும். வெட்டுன குச்சியில பென்சில் தடிப்பு உள்ளதா பாத்து தங்கச்சி பொலித்தீன் பேக்ல நட்டு வைக்கப் போறா, வேரு வர நாள் எடுக்கும், எடுத்து நடையில வேரு அறுந்தா செத்துரும்னு பேக்க கிழிச்சு மண்ணோடயே எறக்க சொல்லியிருக்கேன். சந்தையில ஒரு கன்னு என்ன வெல விக்கிறான்னு தெரியுமா உனக்கு, ஆரஞ்சு கலர்னா கேக்கவே வேணாம்.

மதில் விஷயம். கொடி நிக்கிற எடம் மேட்டுக்கு கீழ, அடியில தோண்டி அத்திவாரம் போட்டா மேல உள்ள மண்ணுக்கு யாரு பொறுப்பு? 2014ல மீரியபெத்தை தோட்டத்துல மண்சரிவு வந்து லயத்து வீடெல்லாம் வரிசையா மண்ணுக்குள்ள போனத நம்ம மறக்க ஏலுமா. கொடி மண்ண புடிச்சிக்கும்னு நான் சொல்ல வரல, அதெல்லாம் பெரிய மண்ண புடிக்காது. மண்சரிவு பாக்கிற அரசாங்க ஆபீஸ் என்.பி.ஆர்.ஓ ஆளுங்ககிட்ட கேக்காம மேட்டு அடியில கத்தி வைக்க கூடாது, அவ்வளவுதான். கட்டுறதா இருந்தாலும் தண்ணி வெளிய வர ஓட்டை விட்டு கட்டணும், மேசன் பாஸ்மாருங்க அத மறந்துருவாங்க. கேட்டு பக்கம் மட்டும் இடுப்பு ஒசரத்துக்கு கட்டலாம், அதுக்கு நான் சம்மதம்.

அனுப்புற காசுல மூணு ஜீஐ பைப்பும் கம்பியும் வாங்குறேன், கூரைய விட்டு மூணடி தள்ளி பந்தல் போட்டு கொடிய அதுல இழுத்து கட்டிருவேன், தகரத்துல அடிக்காது. நீ லீவுல வரையில உங்க கம்பனியில போடுற தடிச்ச தோல் கையுறை ரெண்டு ஜோடி கொண்டு வா, இங்க விக்கிறதுல முள்ளு உள்ள வருது. ஆகஸ்ட்ல வர பாரு, டிசம்பர்ல வந்தா மொட்ட குச்சியதான் பாத்துட்டு போவ. அம்மா நல்லா இருக்கா, முழங்கால் வலிக்கு மருந்து குடிக்கிறா. ராவைக்கு லைன் நல்லா இருந்தா எடு.

அப்பா