ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏறப்போகும் நண்பனுக்கு

சண்டிகர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் காலையில் பேப்பர் படிக்கிறார் என்று அறிந்ததும் மனது லேசானது. நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். குளிர் விட்டுவிட்டது, கம்பளியை மடித்து மேலே வைத்தாயிற்று. அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. வந்தால் இந்த மலைகளை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். அதுதான் வருத்தம்.

பாப்பா படிப்பை முடித்த கையோடு மணாலிக்கு மேலே ஃப்ரெண்ட்ஷிப் பீக் என்ற பனிமலை ஏறப் போகிறாள், நீயும் கூடப் போகிறாய் என்பதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம். ஷூ எங்கே கிடைக்கும், பனிக்கோடரி வாங்க வேண்டுமா, எப்படிப் போவது என்று மூன்று பக்கம் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீ கேட்காத ஒன்று. மே 24 காலை மணாலியில் இறங்கி, 29 இரவு பஸ் என்று எழுதியிருக்கிறாய். அந்த 29-ஐ மாற்று. ஜூன் 1 ஆக்கு. லீவு கிடைக்காவிட்டால் பயணத்தையே அடுத்த வருடத்துக்குத் தள்ளு. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

காரணம் சொல்கிறேன். முதல் தடவை நான் போனதும் இப்படித்தான், ஐந்து நாள் பேக்கேஜ். லேடி லெக் என்ற இடத்தில் மேல்முகாம், ஏறக்குறைய 3,850 மீட்டர். உச்சி 5,289 மீட்டர். ஒரே இரவில் கிளம்பி 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, பகல் சூடாவதற்குள் இறங்கிவிட வேண்டும். எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு இரவு. சாயங்காலத்திலிருந்தே மேகம் மூடியிருந்தது. கூடாரத்துக்குள் குளிர் குறைவாக இருக்கிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

பனிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பகலில் வெயில் பட்டு மேல்பரப்பு இளகி ஈரமாகும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் அந்தச் சூடு மேலே போய்விடும், பனி மறுபடி இறுகிக் கல்லாகும். அதன்மேல் கிராம்பான், அதாவது பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்தகடு, குத்தி நடந்தால் சிமெண்டுத் தரையில் நடப்பது போல இருக்கும். மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மேகமே போர்வையாகிவிடுகிறது. பனி இறுகாது. அதனால் ராத்திரி குளிராவிட்டால் மறுநாள் மலை பத்திரமில்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு இரவு ஒரு மணிக்கு எங்கள் உள்ளூர் வழிகாட்டி கூடாரத்துக்கு வெளியே நின்று கோடரியின் அடிப்பக்கத்தைப் பனியில் அழுத்திப் பார்த்தார். பிடிவரைக்கும் இறங்கிவிட்டது. 'இன்றைக்கு வேண்டாம்' என்றார். ஆனால் குழுவை நடத்தியவருக்கு மறுநாள் எங்களைக் கீழே இறக்கியாக வேண்டும். அடுத்த குழு வந்துவிடும். நாங்களும் பணம் கட்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நின்றோம். போனோம். முழங்கால் வரை புதையப் புதைய நடை. ஒவ்வொரு அடிக்கும் காலை உருவி எடுக்க வேண்டும். விடியும்போது பாதி தூரம்கூட ஆகவில்லை. வாடகைக்கு எடுத்த என் கிராம்பான் பூட்ஸின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு சரிவில் இடது கால் கிராம்பான் கழன்று தொங்கியது. வழிகாட்டி வந்து என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், நான் கையுறையைக் கழற்றிவிட்டு வாரைக் கட்டினேன். விரல்களுக்கு உணர்வு திரும்ப அரை மணி நேரம் ஆனது.

ஒன்பதரை மணி இருக்கும். எதிர்ச் சரிவில் ஒரு சத்தம். இடி போல இல்லை, மணல் லாரி மண்ணைக் கொட்டும்போது வருமே, அந்த மாதிரி. ஈரப்பனி மொத்தமாகப் பெயர்ந்து மெதுவாக வழிந்து இறங்கியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் திரும்பினோம். நாங்கள் நின்றிருந்த சரிவும் அதே வெயிலில்தான் இருந்தது, மாப்ளே. அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் கலைகிறது.

இரண்டாவது தடவை இரண்டு நாள் கையிருப்போடு போனேன். அதே கதை, முதல் இரவு மேகம். அதே வழிகாட்டி அதே மாதிரி கோடரியை அழுத்திப் பார்த்துவிட்டு 'தூங்குங்கள்' என்றார். தூங்கினோம். மறுநாள் முழுக்கக் கூடாரத்திலேயே இருந்து டீ குடித்தோம், கடலை மிட்டாய் தின்றோம். அடுத்த இரவு வானம் முழுக்க நட்சத்திரம். பாட்டில் தண்ணீர் உறைந்தது. கோடரி 'டங்' என்று நின்றது. ஒன்றரை மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு முன்னாலேயே உச்சியில் இருந்தோம். அங்கிருந்து ஹனுமான் டிப்பாவைப் பார்த்தபடி நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் அதைச் 'சோலாங் வைஸ்ஹார்ன்' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பயணத்திலும் அதே நான், அதே உடல். வித்தியாசம் அந்த இரண்டு நாள் மட்டும்தான்.

2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாசிக்கு மேலே 'திரௌபதி கா டண்டா' மலையில் நடந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு உச்சியை நெருங்கும்போது பனிச்சரிவில் சிக்கியது. இருபத்தைந்து பேருக்கு மேல் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால், அங்கே பயிற்சியாளர். அந்த வருடம் மே மாதத்தில்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாளுக்குள் ஏறி முடித்திருந்தார். எவ்வளவு தெரிந்தவர்களையும் பனி கொண்டுபோகும். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பாப்பாவிடமும் இதை மறைக்காமல் சொல்லிவிடு. அவள் தெரிந்துகொண்டு வரட்டும்.

சரி, இப்போது பருவம். மே நடுவிலிருந்து ஜூன் நடுவு வரை நல்ல காலம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றலைகள் கொட்டிய பனி அதற்குள் படிந்து இறுகியிருக்கும், பாறையிடுக்குகளும் பிளவுகளும் மூடியிருக்கும். ஜூன் கடைசியில் பருவமழை எட்டிவிடும். செப்டம்பர் கடைசியில் மறுபடி வானம் திறக்கும். ஆனால் அப்போது கீழ்ச்சரிவில் பனி கரைந்து சரளைக்கல் ஏற்றமாக இருக்கும், மேலே பனியாற்றின் பிளவுகள் வாயைத் திறந்திருக்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு மே-ஜூன்தான். ஆனால் இப்போதெல்லாம் பனி சொன்ன காலத்துக்கு விழுவதில்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை இமாச்சலில் மழையும் இல்லை, பனியும் இல்லை. அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் கொட்டியது. தாமதமாக விழுகிற பனிக்கு இறுகுவதற்குக் காலம் போதாது. அதனால் இந்தக் குளிர்காலத்தில் பனி எப்போது விழுந்தது என்று வழிகாட்டியிடம் கேள். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிறவரை நம்பிப் போகலாம்.

வருவது எளிது. கொங்கு எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வந்து, அங்கிருந்து நேராக மணாலி பஸ் பிடிக்காமல் சண்டிகர் வா. ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்கிவிட்டுப் போகலாம். இங்கிருந்து மணாலி முந்நூறு கிலோமீட்டர் அளவு. 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு குல்லு-மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. மழைக்காலத்தில் அந்தப் பாதையை நம்பாதே என்று சொல்வது அதனால்தான். மணாலியிலிருந்து சோலாங் வழியாகத் துந்தி வரை ஜீப் போகும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கத்தின் தெற்கு வாயில் அதன் பக்கத்தில்தான், 9 கிலோமீட்டர் சுரங்கம். ரோத்தாங் கணவாய்க்கு வண்டி ஏற அனுமதிச் சீட்டு வேண்டும், துந்திக்கு அது தேவையில்லை. மலைக்கான அனுமதியை உன் குழுக்காரர் வாங்கித் தருவார். வாங்கிவிட்டாரா என்று தாளைக் கையில் வாங்கிப் பார். துந்தியிலிருந்து நடை. முதல் நாள் பக்கர்தாச். உள்ளூர்ப் பேச்சில் 'தாச்' என்றால் மேய்ச்சல் புல்வெளி, பக்கர்தாச் என்றால் ஆடு மேயும் வெளி. கோடையில் 'கத்தி' (Gaddi) என்ற இனத்து இடையர்கள் மந்தையோடு வருவார்கள். அவர்களுடைய நாய்களிடம் மட்டும் எட்டியே இரு.

மணாலி 2,050 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. அதனால் வந்த அன்றே உடம்பு ஒன்றும் சொல்லாது. அதை நம்பி ஏமாந்துவிடாதே. 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. ஆகவே பக்கர்தாச்சில் இரண்டு இரவு தங்கு, பகலில் பியாஸ் குண்ட் ஏரி வரை ஏறிவிட்டு இறங்கு. தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே போகாதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நடு ராத்திரி ஆனாலும் உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தில் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி உன் டாக்டரிடம் கேள். உனக்கு சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஹாஸ்டல் காலத்தில் உடம்பெல்லாம் தடித்தது ஞாபகம் இருக்கிறது, அதை மறக்காமல் சொல்.

இனி சாமான். பூட்ஸ், கிராம்பான், கோடரி, இடுப்புவார், ஹெல்மெட் எதையும் வாங்காதே. மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் மலைக்குப் போகும் காலையில் அவசரமாக வாங்காமல், முந்தின நாளே போய் ஒரு மணி நேரம் செலவழி. பூட்ஸ் என்றால் இரட்டை பூட்ஸ், வெளியே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றக்கூடிய மெத்தை. தடித்த காலுறையோடு போட்டு, படிக்கட்டில் இறங்கிப் பார். பெருவிரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு பெரிது எடு. இறங்கும்போதுதான் நகம் போகும். அப்புறம் அதே பூட்ஸில் கிராம்பானை மாட்டி, காலைத் தூக்கி நன்றாக உதறிப் பார். அசைந்தால் நடுத்தகட்டின் நீளத்தைச் சரிசெய்யச் சொல். இதைக் கடைக்காரர் முன்னாலேயே செய். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். கோடரியைத் தலைப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்டால் முனை கணுக்காலைத் தொட வேண்டும், அதுதான் உன் அளவு. நாம் வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி கொண்டுபோனோமே, ஊன்றுவதற்கு அது போலத்தான். ஆனால் அதன் பெரிய வேலை, வழுக்கினால் குப்புறப் புரண்டு, கூர்முனையைத் தோளுக்குப் பக்கத்தில் பனியில் குத்தி நிற்பது. லேடி லெக்கில் அதற்கு அரை நாள் பயிற்சி கொடுப்பார்கள். பாப்பா இருபது முறை விழுந்து பழகட்டும். நீ முப்பது முறை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளாடை இரண்டு செட். அதன்மேல் ஃப்ளீஸ், இறகு ஜாக்கெட், கடைசியில் காற்றும் நீரும் புகாத மேலுடை. வெயில் கண்ணாடியில் மட்டும் காசு பார்க்காதே, பக்கவாட்டிலும் மறைப்புள்ள, 'கேட்டகரி 4' என்ற கறுப்புக் கண்ணாடி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் கீழேயிருந்தும் வரும் என்பதால் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தாடைக்கு அடியிலும் கிரீம் தடவ வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வை, உறைவது மேலிருந்து தொடங்கும், அப்போது மூடி அடைக்காது. பூட்ஸின் உள்மெத்தையை ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்.

பயிற்சிக்கு உனக்கு வெள்ளியங்கிரி பக்கத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து மே வரை விடுகிறார்கள். பத்துக் கிலோ முதுகில் வைத்து, ராத்திரி ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் ஏறி, காலையில் இறங்கு. ஏப்ரலுக்குள் மூன்று முறை. மூன்றாவது தடவை ஏழாவது மலையில் பாப்பாவோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பார்.

ஜூன் 1-க்கு டிக்கெட் மாற்றியதும் ஒரு வரி எழுது. இருவருடைய கால் அளவும் சேர்த்து அனுப்பு, மணாலிக்குப் போகிறவர்கள் மூலம் நல்ல பூட்ஸாகப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்கிறேன். என் வழிகாட்டியிடமும் பேசிவிட்டேன், அந்த வாரம் அவர் காலியாகத்தான் இருக்கிறார். வரும்போது கடலை மிட்டாய் இரண்டு கிலோ கொண்டு வா. ஒரு கிலோ அவருக்கு.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழன்