நீதிபதி எழுதாத தண்டனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் வசதிகளைக் கூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த எதிர்வினைகளையும் படித்தேன். "தப்புச் செய்தவன் கஷ்டப்படத்தானே வேண்டும்" என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். பல வருடங்கள் சிறைக்குள் சென்று எழுத்தறிவு வகுப்பு எடுத்தவள் நான். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒருவருக்கு மூன்று வருடச் சிறை என்று தீர்ப்பாகிறது. அந்த மூன்று வருடம் சும்மா வந்துவிடவில்லை. சாட்சிகளை விசாரித்து, இரண்டு தரப்பு வாதத்தையும் கேட்டு, குற்றத்தின் கனத்தைப் பார்த்துத்தான் நீதிபதி அந்த அளவை எழுதுகிறார். கூடுதல் என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கதவுக்கு உள்ளே அந்த மனிதருக்கு நேர்வதில் பெரும்பகுதி தீர்ப்பில் எங்கேயும் இல்லை. அதை எதிர்த்து அவர் எங்கே மேல்முறையீடு செய்வார்?

கொட்டடியில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்தால் இரவு எப்படிக் கழியும் என்பதை வகுப்புக்கு வந்தவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். மல்லாந்து படுக்க இடம் இருக்காது. எல்லோரும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். நடுவில் ஒருவர் புரண்டால் அந்த வரிசையே விழித்துக்கொள்ளும். சிலர் பாதி ராத்திரி வரை சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, முன்னால் தூங்கியவர்கள் எழுந்த பிறகு அந்த இடத்தில் போய்ப் படுப்பார்கள். புதிதாக வருகிறவருக்குக் கழிவறை ஓரம்தான். அவர் பர்ஸ் அடித்துவிட்டு வந்தாரா, ஆளை அடித்துவிட்டு வந்தாரா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. காற்று வரும் இடம் பழைய ஆட்களுக்கு, இல்லாவிட்டால் காசு உள்ளவர்களுக்கு. பாடம் நடக்கும்போதே கண் சொருகிப்போகிறவர்களை நான் எழுப்புவதில்லை. அவர்களுக்கு அந்த நாளில் வாய்த்த நல்ல தூக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே குற்றம், ஒரே மூன்று வருடம். ஒருவர் ஓரளவு நெரிசல் இல்லாத சிறைக்குப் போகிறார், இன்னொருவர் மேலே சொன்ன கொட்டடிக்குப் போகிறார். இருவருக்கும் ஒரே தண்டனைதான் கிடைத்தது என்று எந்த நீதிபதியாவது மனசாட்சியோடு சொல்ல முடியுமா? நியாயமான தண்டனைக்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொன்னது எதுவோ அது மட்டும். மற்றதெல்லாம் சட்டத்தின் பேரில் நடக்கும் அநியாயம்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் மூன்றாவது விதி இதைத்தான் சொல்கிறது. சுதந்திரத்தைப் பறிப்பதே துன்பம்தான், அதற்கு மேல் சிறை நிர்வாகம் துன்பத்தைக் கூட்டக் கூடாது என்பது அதன் சாரம். 27 வருடம் சிறையில் இருந்தவரின் பெயரை அந்த விதிகளுக்கு வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. ஆனால் நடப்பு வேறு. வெளியில் இருப்பவர்களைவிடச் சிறையில் இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்லி வருகிறது. காற்றோட்டமில்லாத அறையில் நெருக்கியடித்துப் படுத்தால் வராமல் என்ன செய்யும்? திருட்டுக்கு மூன்று வருடம் சரி, திருட்டுக்கு நுரையீரலும் போக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

தனிமைச் சிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1829-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய சிறையைத் திறந்தார்கள். ஆளைத் தனியே விட்டால் யோசிப்பான், மனம் திருந்துவான் என்று நல்ல எண்ணத்தோடுதான் அந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த முறையில் அடைபட்டவர்களில் பலர் கொஞ்ச காலத்திலேயே புத்தி மழுங்கிப்போனார்கள், சிலருக்குச் சித்தம் கலங்கியது, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று 1890-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது. பேச ஆள் இல்லாமல் ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன மண்டேலா விதிகள். அதைத் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் நீட்டிக்கவே கூடாது என்றும் தடுக்கின்றன. பட்டுத் தெரிந்த பிறகும் இந்தத் தடை வர இவ்வளவு காலம் ஆனது.

இன்னொரு கூட்டத்தை நம் விவாதம் அடியோடு மறந்துவிட்டது. உலகச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விசாரணைக் கைதி. "தப்புச் செய்தவன்" என்று அவர்களை இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லாமல், வாய்தா மேல் வாய்தாவாக உள்ளேயே கிடக்கிறவர்கள். குற்றம் நிரூபணமானால் அதிகபட்சம் எத்தனை வருடம் கிடைக்குமோ அதையும் தாண்டிச் சிலர் விசாரணைக் கைதிகளாகவே அடைபட்டுக் கிடந்ததை 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கண்டது. விடுதலை ஆனால்கூட அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

பாதிக்கப்பட்டவர்களின் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் கைதிக்குப் பாய் வேண்டும், மருந்து வேண்டும் என்று பேச எனக்கு நா எழாது. அவள் கேட்கும் நியாயம் பெரியது. விசாரணை இழுபடாமல் முடிய வேண்டும், சாட்சியை மிரட்ட விடக் கூடாது, குற்றத்துக்குத் தக்க காலம் உள்ளே இருக்க வேண்டும். இதில் எதுவும் கழிவறை ஓரத்தில் ஒருவனைப் படுக்க வைப்பதால் கிடைத்துவிடாது. நார்வேயில் 2011-இல் 77 பேரைக் கொன்றவன் சுத்தமான அறையில்தான் இருக்கிறான். ஆனாலும் 21 வருடத் தண்டனை முடிந்தாலும், ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் அதை நீட்டித்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அவனுக்கு வந்த தீர்ப்பு. அங்கே கடுமை காலத்தில் இருக்கிறது.

"அரசுக்கு இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடம் இல்லையென்றால் ஆளைக் குறைக்க வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் சிறைகள் கொள்ளளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிரம்பி, மருத்துவம் கிடைக்காமல் கைதிகள் செத்துக்கொண்டிருந்தபோது, எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்ன உத்தரவை 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சின்னக் குற்றங்களுக்கு ஜாமீனை எளிதாக்கினாலே பல கொட்டடிகளில் மூச்சுவிட இடம் கிடைக்கும். அங்கே ராத்திரி காவல் பார்க்கும் வார்டருக்கும் அது நல்லது. அவரும் அந்த நெரிசலுக்குள்தானே வேலை பார்க்கிறார்.

உங்கள் இதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பரபரப்பான வழக்குகளில் தீர்ப்பு வரும் நாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அதன் பிறகு அந்த மனிதர் போகும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அந்தச் சிறையின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது எத்தனை பேர், அதில் விசாரணைக் கைதிகள் எத்தனை பேர், மருத்துவர் தினமும் வருகிறாரா, கடந்த வருடம் உள்ளே இறந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்டு, தீர்ப்புச் செய்தியோடு அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி