கொண்டலை விற்கப் போவதில்லை

மலேசியா, பினாங்கின் ஜெரஜாக் தீவருகே, படகிலிருந்து
ஆகஸ்டு, ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் படகு கொண்டலை விற்றுவிட்டு ஈப்போ வீட்டுக்கே திரும்பிவிடுங்கள் என்று நேற்று நீ சொன்னபோது, அப்பா "பார்க்கலாம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் நீ எத்தனை இரவு புரண்டு படுப்பாய் என்று எனக்குத் தெரியும். பங்கோரில் நடந்ததை அவர் உனக்குப் பாதிதான் சொன்னார். மீதியையும் தெரிந்துகொண்டு பிறகு கோபித்துக்கொள்.

தவறு என்னுடையது. தெலுக் நிப்பா, பங்கோர் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே இருவாச்சிகள் மரத்துக்கு மரம் தாவுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஜூலை மாதத்தில் மேற்கே திறந்து கிடக்கும் அந்த இடத்தில் இரவு தங்கக் கூடாது, கிழக்கே லூமுட் பக்கம் போய்விடலாம் என்று அப்பா சொன்னார். ஒரே ஒரு மாலை, அந்தப் பறவைகளைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

இங்கே படகுக்காரர்கள் "சுமத்திரா" என்று ஒரு காற்றைச் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், இரவில் சுமத்திரா தீவுப் பக்கம் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைக் கடந்து, விடியும் முன் இந்தக் கரையைப் பிடித்துவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வரைகூட அடிக்கும். அன்று அதிகாலை நான்கு மணிக்கு முதலில் காற்று அடியோடு நின்றது. தாங்க முடியாத புழுக்கம். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு வளைவு எழும்பியது. அதைப் பார்த்து அப்பாவை எழுப்புவதற்குள் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது.

நங்கூரம் மணலைக் கவ்வியிருக்கும்போது சங்கிலி விறைத்துச் சும்மா நிற்கும். இழுபடத் தொடங்கினால் நறநறவென்று அதிரும். அதன் மேல் காலை வைத்தால் பாதத்திலேயே தெரியும். எங்களுக்குப் பின்னால் 200 மீட்டரில் கரை. அப்பா படகின் முன்முனையான அணியத்துக்குத் தவழ்ந்து போனார். நான் மோட்டாரைக் கிளப்பிச் சுக்கானைப் பிடித்தேன். அந்த இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது. அவர் டார்ச்சை எந்தப் பக்கம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் நான் திருப்ப வேண்டும். மேலே தூக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மழை கண்ணை மறைத்தது. அந்த வெளிச்சப் புள்ளியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஈப்போவில் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவர் சொல்வதை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை, தம்பி.

சங்கிலி முழுவதும் மேலே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. காற்றுக்கு நேர் எதிராக முகம் வைத்துக் கரையைவிட்டு வெளியே போய், விடியும்வரை அங்கேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். விடிந்த பிறகும் அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். நான் அப்போதுதான் அழுதேன்.

இது நடந்த பிறகு சிலவற்றை மாற்றிக்கொண்டோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மேற்குப் பார்த்த இடங்களில் இரவு தங்குவதில்லை. ஆழம் 6 மீட்டர் என்றால் கடல் ஏறுவதற்கு 3 சேர்த்து 9 ஆக்கி, அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். அன்று விட்டது 45 மீட்டர், அது போதவில்லை. இப்போது ஏழு மடங்கு விடுகிறோம். அதற்காகவே சங்கிலியை 70 மீட்டராக நீட்டிவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். அடுப்பு ஊஞ்சல் போலத் தொங்குவதால் படகு சாய்ந்தாலும் குழம்பு சிந்துவதில்லை. இந்த வெயிலுக்கு மாவு நான்கு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. தண்ணீர்தான் 300 லிட்டர். உப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசுகிறேன். கறிவேப்பிலைச் செடி உப்புக் காற்றில் பிழைக்கவில்லை. அப்பாவுக்கு மூன்று மாத மாத்திரை கையில் இருக்கிறது.

லங்காவியிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 60 கடல்மைல். எங்கள் வேகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். நீரோட்டம் எதிர்த்தால் 5 கடல்மைல் வேகம் 3 ஆகிவிடும், கூடவே வந்தால் 7. அதனால் நீரோட்டம் திரும்பும்வரை காத்திருந்து கிளம்புகிறோம். வழியில் கடா மாநிலக் கரையில் குனோங் ஜெராய் மலை தெரிந்துகொண்டே வரும், 1,217 மீட்டர். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நான் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கடாரம் என்று சொல்லிக்கொடுத்த இடம். ஆயிரம் வருடத்துக்கு முன் நம் பக்கத்து வணிகர்களும் இந்த மலையை அடையாளம் வைத்துத்தான் கரை சேர்ந்தார்கள். திரும்பிப் போகக் காற்று மாறும்வரை இங்கேயே தங்கியும் இருந்தார்கள்.

இப்போது எங்கள் எதிரே இருக்கும் தீவைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. உன் தாத்தா 1937இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தபோது அவருக்குப் பத்து வயது. தொற்றுநோய்ப் பயத்தால், கப்பலில் வந்த தொழிலாளர்களை ஜெரஜாக்கில் இறக்கித் தடுத்து வைத்தார்கள். எதிர்க்கரையில் விளக்குகள் எரிவதைப் பார்த்துக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்று ஆயாவின் மடியில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதன் பிறகு சாகும்வரை அவர் கடல் பக்கம் வந்ததில்லை. நேற்று இரவு அதே விளக்குகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்து கடந்த தண்ணீரில் அவர் மகள் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். இதை விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை.

நீ பயப்படுவதும் நியாயம்தான். அதனால் ஓர் ஏற்பாடு. தினமும் மாலை ஏழு மணிக்கு எங்கே இருக்கிறோம் என்று செய்தி அனுப்புவேன். சில தீவுகளுக்குப் பின்னால் தொலைபேசிக் கோபுரம் எட்டாது. அப்படி இடத்துக்குப் போவதானால் முன்னாலேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் இரண்டு மாலை செய்தி வராவிட்டால் கடல் மீட்பு அலுவலகத்தைக் கூப்பிடு. எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். அதற்கு முன் கூப்பிடாதே.

ஜனவரியில் வாருங்கள். வாடைக் காலத்தில் லங்காவிப் பக்கம் மழை குறைவு, சுமத்திரா வராது. தயாங் பூந்திங் தீவில் மலைகளுக்கு நடுவே ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. பேத்தி அங்கே நீந்தட்டும். தலைக்கு மேல் கருடன் வட்டமிடும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ள அவளுக்கு நான் சொல்லித் தருகிறேன். அவள் எடை எவ்வளவு என்று மருமகளிடம் கேட்டு எழுது, மிதவைச் சட்டை அளவு பார்த்து வாங்க வேண்டும். மோட்டாருக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரம் இரண்டு தேவை. பழையதைப் படம் எடுத்து அனுப்புகிறேன், வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அம்மா