பொங்கலன்று நீ கேட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். அத்தை வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது; போனில் சொல்லலாம் என்றால் நீ எடுத்தால்தானே? ஜெனீவாவில் இன்னும் பனி கொட்டுகிறதா? காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு.

உன் கட்டுரையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அகராதியும் கையுமாக 4 நாள் படித்தேன். "என் மகள் எழுதியது, அங்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிறாள்" என்று கடைக்காரரிடம் நானே வலியச் சொன்னேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை என்பது 30 வருடம் காக்கி போட்ட எனக்கே தெரியாது. நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் இவ்வளவு காரம் வேண்டுமா? வேலையும் இன்னும் ஒப்பந்தத்தில்தானே ஓடுகிறது? ஊருக்கு வந்துபோகிற பெண், பார்த்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அந்த உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவைத் தாண்ட முடியவில்லை. மேலதிகாரியின் உத்தரவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்கிறது. பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பொங்கலன்று, "ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக இருந்தீர்களே அப்பா, கைதுக் குறிப்பில் நேரத்தை யார் எழுதுவார்கள்?" என்று கேட்டாய். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். நீ மறுபடி கேட்கவில்லை. போனும் செய்யவில்லை.

நான்தான் எழுதுவேன். கைதான நேரம், தேதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சி என்று கைது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பின் விதிகள் என் தலைக்கு மேலேயே பலகையில் தொங்கின. நீ பத்தாவது படித்த வருடம், ஒரு பையனை ஞாயிறு இரவு கொண்டுவந்தார்கள். செவ்வாய் காலை 6 மணி என்று எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எழுதினேன். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டிய கணக்கு அப்படித்தான் நேராகும். கையெழுத்துப் போடச் சொன்னபோது அவனால் விரல்களை மடக்க முடியவில்லை. பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இழுத்தான். அடுத்த மாதம் நீ பரீட்சைக்கு வாங்கிப்போனாயே, அந்தப் பச்சைப் பேனாதான்.

அம்மாவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்கு மதியம் ஒன்றரை. அப்போது கூப்பிடு.

அப்பா