கிளாஸ் போட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க டிராக் ரேஸ் (நேர்கோட்டுப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதும் பந்தயம்) வரலாறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன், ஆனால் முழுக்க முழுக்க நெருப்பு கக்கும் டாப் ஃபியூயல் என்ற உச்சப் பிரிவு வண்டிகளின் வேகம்தான். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரோடு பந்தயத்துக்கு வந்த சாதாரண ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கு இடம் கொடுத்தது, ஒரே வகை வண்டிகள் தங்களுக்குள் மோதும் கிளாஸ் போட்டி.

வாலி பார்க்ஸ் 1951-இல் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தைத் தொடங்கினார். பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்றால் மற்றவர் எதற்காக வரப்போகிறார்? அதனால் வண்டிகளை வகை பிரித்தார்கள். கேஸ் பிரிவில் (பெட்ரோலில் ஓடும், மாற்றியமைத்த வண்டிகள்) வண்டியின் எடையை எஞ்சின் கொள்ளளவால் வகுப்பார்கள், ஸ்டாக் பிரிவில் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிகள்) ஹார்ஸ்பவரால். வரும் எண்ணை வைத்து ஏ, பி, சி என்று எழுத்து. கடைசி எழுத்தில் இருக்கிற சின்ன காருக்கும் ஜெயிக்க ஒரு பந்தயம் உண்டு.

இதில் கம்பெனிகளும் விளையாடின. 1968-இல் ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 ஹார்ஸ்பவர் என்றுதான் காகிதத்தில் போட்டது, உள்ளே இருந்த பலம் அதைவிட எவ்வளவோ அதிகம். காகிதத்தில் எண் குறைந்தால் வண்டி பலம் குறைந்த வண்டிகளின் கிளாஸில் போய் உட்கார்ந்துவிடும் இல்லையா? அதனால் கம்பெனி சொல்லும் எண்ணை நம்பாமல் சங்கமே ஹார்ஸ்பவரை நிர்ணயிக்க வேண்டி வந்தது. ஜெயித்தவரின் எஞ்சினைப் பிரித்தே பார்ப்பார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எரி அறை எவ்வளவு கொள்கிறது என்று அளப்பார்கள். அளவு தவறினால் வெற்றி போச்சு.

அப்புறம் வெவ்வேறு கிளாஸ்களை மோதவிட, மெதுவான வண்டிக்கு முன்கூட்டியே பச்சை விளக்கு போடும் முறை வந்தது. பாதையை 14 நொடியில் முடிக்கும் வண்டியும் 12 நொடியில் முடிக்கும் வண்டியும் மோதினால் முதலாவது 2 நொடி முன்னால் கிளம்பும். இதிலிருந்து வளர்ந்த பிராக்கெட் ரேஸில், ஓட்டுபவர் தானே எழுதிக் கொடுத்த நேரத்தைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். இது எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது, சரி. ஆனாலும் ஒரே எழுத்துள்ள இரண்டு வண்டிகள் ஒரே பச்சைக்குச் சேர்ந்து கிளம்புவதுதான் எனக்குப் பந்தயம்.

என்.எச்.ஆர்.ஏ. தேசியப் போட்டியில் வென்ற முதல் பெண் ஷர்லி ஷஹான், 1966 வின்டர்நேஷனல்ஸில், ஸ்டாக் வண்டியில்தான் வென்றார். அவரிலிருந்து ஆரம்பித்து இன்னொரு கட்டுரை போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்