தவணை உன் கையில் இருக்கிறது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலத்தை மாற்றியிருக்கிறோம். மேலத்தெரு சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது. "எங்க, நம்ம மாஜிஸ்திரேட் வரலையா?" என்று அவர் பந்தியில் சத்தமாகக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வர முடியாவிட்டாலும் நீ ஒரு போனாவது செய்திருக்கலாம்.

அன்றைக்கு, "சின்னச் சின்ன பெட்டி கேஸ் எல்லாத்தையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டேன்பா" என்றாய். அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று கேட்டேன். உடனே அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். அதற்கப்புறம் நீ என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. நான் குறை சொன்னதாக எடுத்துக்கொண்டாயோ என்னவோ. நேரில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தை நீ என்னைவிட நன்றாகப் படித்தவள். ஆனால் நான் உட்கார்ந்திருந்த பெஞ்ச் கிளார்க் நாற்காலி நீதிபதிக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து வராந்தா தெரியும், மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஒரு கொத்தனார் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன்னால், முதல் தடவை என்றால் இதற்கு அபராதம் 2,000 ரூபாய் வரைதான், பிறகு 10,000 ஆகிவிட்டது. கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்பைப் படித்தார்கள். வராந்தாவில் அவர் மனைவி காதுக் கம்மலைக் கழற்றப் பார்த்தார். திருகாணி எண்ணெய் இறங்கி இறுகிப்போயிருந்தது, பக்கத்தில் இருந்த பூக்காரம்மாதான் கழற்றிவிட்டார். எதிரே இருந்த அடகுக் கடைக்குப் போய், காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரும்பி வந்து பணத்தைக் கட்டினார். குடித்தது கணவர், கட்டியது மனைவி. அதே நாளில் காரில் வந்த ஒருவரும் அதே தொகையைத்தான் கட்டினார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தொகை ஒன்றுதான், தண்டனையும் ஒன்றா?

குடித்துவிட்டு ஓட்டுவதை நான் நியாயப்படுத்துவதாக நினைக்காதே. பெரியப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் அபராதத்தை 10,000-க்குக் கீழே இறக்க உனக்கும் வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424-ஆவது பிரிவு புதிய சட்டத்திலும் இருக்கிறது. அபராதம் மட்டும் விதித்தால் முப்பது நாள் அவகாசம் கொடுக்கலாம், இரண்டு மூன்று தவணையாகக் கட்டச் சொல்லலாம். கட்டத் தவறினால் வரும் சிறைத் தண்டனையை அதுவரை நிறுத்திவைத்து, ஜாமீன்தாரர் இல்லாமலே பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பலாம். கூண்டில் நிற்பவருக்கு இது தெரியாது, அவர் கேட்கமாட்டார். நீதான் கேட்க வேண்டும். என்ன வேலை, என்ன கூலி என்று கேள். கேட்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, பாப்பா.

வழக்குகள் சீக்கிரம் முடிகின்றன என்று சந்தோஷப்படுகிறாயே, அவர்கள் ஏன் உடனே ஒத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா? ஹெல்மெட் இல்லை என்றால் முன்பு 100 ரூபாய், 2022 அக்டோபரில் இருந்து 1,000. குற்றம் செய்யவில்லை என்று சொன்னால் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும், வக்கீலுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்ட். ஒத்துக்கொண்டு கட்டிவிட்டால் சாயங்காலமாவது வேலைக்குப் போகலாம் என்றுதான் தலையை ஆட்டுகிறார்கள். நீ திறமைசாலிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரீட்சையில் பேர் வந்த அன்றைக்குத் தெரு முழுக்க நானே மிட்டாய் கொடுத்தேன். ஆனால் அந்தத் தலையாட்டலை எண்ணிக்கையில் சேர்த்துப் பெருமைப்படாதே.

ஜாமீனிலும் இதே கதைதான். உன் ஊரில் நூற்பாலைகள் அதிகம், பீகார், ஒடிசாப் பையன்கள் நிறைய இருப்பார்கள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த உறவு, வீட்டு வரி ரசீது வேண்டும் என்றால் அந்தப் பையன் எங்கே போவான்? அவன் அம்மா ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறாள். மோத்தி ராம் வழக்கை நீ எனக்கே படித்துக் காட்டியிருக்கிறாய். அவரும் கொத்தனார்தான். 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், சகோதரர் கொடுத்த ஜாமீனை வேறு மாவட்டம் என்று தள்ளினார்கள். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதை மாற்றி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் போதும் என்றார். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருப்பதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதும் ஒரு காரணம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜாமீன் கொடுத்ததோடு கோப்பை மூடிவிடாதே. ஒரு வாரம் கழித்து, யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்.

ஏழைக் கைதிகளுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் திட்டமும் உனக்குத் தெரிந்திருக்கும். விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் பணம் கொடுப்பார்கள். ஆனால் பெயரை யாராவது அனுப்பினால்தானே பணம் வரும்? சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீ ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். நான் சொன்னால் நடக்காது.

உனக்கு வேலைப்பளு அதிகம் என்று தெரியும். நிலுவை எவ்வளவு என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாயோ என்று அம்மா தினமும் புலம்புகிறாள். உன்னை நான் குறை சொல்லவில்லை. என்ன வேலை, என்ன கூலி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் தொகையைச் சொல். தவணை வேண்டுமா என்றும் கேள்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கும் என்றால் இப்போதே சொல். மூர்த்தி ரயில் டிக்கெட் போட்டுத் தருவான். போன தடவை மாதிரி ராத்திரி பஸ்ஸில் தனியாக வராதே.

அன்புடன்,
அப்பா