மிட்வே காணொளி போடும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையருக்கு,

தமிழில் போர் வரலாறு சொல்லும் உங்கள் காணொளிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிற கிழவன் நான். எழுதப்போவது குறைதான், கோபமில்லை.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் மிட்வே தீவுக்கு அருகே அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய சண்டையைத்தான் சொல்கிறேன். மிட்வே என்றாலே எல்லாரும் ஒரே காட்சியைக் காட்டுகிறீர்கள். 1942 ஜூன் 4, காலை பத்தரைக்குக் கிட்ட. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளம் நிறைய விமானங்கள்; இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் கிளம்பியிருக்கும்; அதற்குள் தலைக்கு மேலிருந்து அமெரிக்கக் குண்டு. இந்தக் கதையைப் பரப்பியவர் ஜப்பானியக் கடற்படை விமானி ஃபுச்சிடா. குடல்வால் அறுவைக்குப் பிறகு பறக்க முடியாமல் அன்று அகாகி கப்பலிலேயே இருந்தவர். ஜப்பானியப் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் இதை எப்போதோ உடைத்துவிட்டார்கள். அப்போது மேல்தளத்தில் ஏறி இறங்கியவை பெரும்பாலும் காவல் பறந்த சண்டை விமானங்கள். தாக்கப் போகவேண்டியவை கீழே, மூடிய கொட்டகைத் தளத்தில் நின்றன. தரைக்கான குண்டைக் கழற்றி டொர்பிடோ பூட்டும் அவசரத்தில், கழற்றியதைக் கிடங்குக்கு இறக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அகாகியில் நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. மிச்சத்தை அதன் வயிற்றுக்குள் கிடந்தவையே பார்த்துக்கொண்டன.

இதை ஏன் பிடித்துத் தொங்குகிறேன்? 'ஐந்து நிமிட அதிர்ஷ்டம்' என்று சொன்னால் மற்றவர்கள் பாடு மறைந்துபோகிறது. ஜப்பானியரின் மறைக்குறிகளை உடைத்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரோச்ஃபோர்ட்டின் குழு, அவர்கள் செய்திகளில் வந்த 'ஏஎஃப்' என்ற குறி மிட்வேதானா என்று சோதிக்க, அங்கே நன்னீர் எந்திரம் பழுது என்று மறைக்குறி இல்லாமல் செய்தி அனுப்ப வைத்தது; கொஞ்ச நாளில் ஜப்பானியச் செய்தியிலேயே 'ஏஎஃப்' தண்ணீரில்லாமல் தவிப்பதாக வந்தது. (இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.) முந்தின மாதம் பவளக் கடல் சண்டையில் அடிவாங்கி வந்த அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுனை மூன்றே நாளில் ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். இன்னொரு அமெரிக்க விமானந்தாங்கியான ஹார்னெட்டின் 15 டொர்பிடோ விமானங்களில் ஒன்றும் திரும்பவில்லை. முப்பது பேரில் ஒருவர் கடலில் மிதந்து பிழைத்தார். குண்டுவீச்சு விமானங்களை நடத்திப்போன மெக்கிளஸ்கியோ எரிபொருள் தீர்ந்துகொண்டு வரும்போதும் ஜப்பானியக் கப்பல்களைத் தேடுவதை விடவில்லை. நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை அடக்கப் பின்தங்கிவிட்டுத் தன் கூட்டத்தை எட்டிப்பிடிக்க ஓடிக்கொண்டிருந்த அராஷி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பலைக் கண்டு, அது போகும் திக்கிலேயே போனார். அதிர்ஷ்டம் என்றால், தேடிப்போனவனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

இன்னொன்று. 'ஜப்பானின் தேர்ந்த விமானிகள் எல்லாரும் மிட்வேயில் முடிந்தார்கள்' என்கிறீர்கள். அங்கே இறந்த ஜப்பானியர் 3,000 பேருக்கு மேல். அதில் விமானத்தில் பறப்பவர்கள் நூற்றுச் சொச்சம்தான். அந்தப் படையைத் தேய்த்தது பிறகு வந்த சொலமன் தீவுச் சண்டைகள். மிட்வேயில் போனது நான்கு பெரிய கப்பல்களும், விமானம் பழுதுபார்க்கத் தெரிந்த நூற்றுக்கணக்கான கைகளும். அடுத்து எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கிற வசதியும் கைமாறியது. ஆகஸ்டில் அமெரிக்கர் சொலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் இறங்கினார்கள்.

கடைசியாக என் சொந்த வழக்கு. ஊர் திருகோணமலை. 1942 ஏப்ரல் 9 காலை துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியதை அம்மம்மா சாகும்வரை சொல்லுவா. 'ஜப்பான்காரன்' என்பதோடு அவவின் கதை முடியும். வந்த விமானங்களின் தாய்க் கப்பல்களில் அகாகி, சொர்யு, ஹிர்யு மூன்றும் இருந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியரின் ஹெர்மிஸ் விமானந்தாங்கியையும் மூழ்கடித்தார்கள். சரியாக எட்டு வாரம் கழித்து அதே மூன்றும் மிட்வேக்கு அருகே எரிந்தன. மிட்வேயில் போன நான்கில் காகா மட்டும்தான் எங்கள் பக்கம் வராதது.

அடுத்த முறை மிட்வே போடும்போது, திருகோணமலையில் தொடங்குங்கள். அந்த மேல்தள விமானங்களையும் தயவுசெய்து கீழே இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பார்வையாளன் ஒருவன்